பீப்பாய்க் கணக்கு

படிப்பினிடையே மாணாக்கரைத் தொழிலகத்துக்கு அனுப்பும் முறை 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தோன்றியது. அம்முறைப்படி வணிகவியல் மாணவனாகிய யான், 2020-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்கள், கனடாவின் கால்கரி நகரத்து எண்ணெய்க் கம்பெனியொன்றிற் கணக்கெழுதினேன்.

ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம், பீப்பாய்க்குப் பூச்சியத்துக்குக் கீழே 37.63 டாலரில் முடிந்தது. விற்பவனே வாங்குவோனுக்குப் பணங்கொடுத்தான்! எம் பாடநூலில் இதற்கு இடமேயில்லை. கொள்ளைநோயால் வண்டிகள் ஓடவில்லை. ஓக்லஹோமாவின் குஷிங் தொட்டிகளில் இடம் அரிதாயிற்று. சரக்கை ஏற்க வகையற்றோர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடத் தவித்தனர்.

மறுநாள் மேலதிகாரியார், எக்கிணறுகளை மூடினால் எவ்வளவு மிச்சமாகுமெனக் கணக்கிடப் பணித்தார். மிச்சத்தில் ஒரு வரி, கூலி. கிணறுகளின் அளவை நாடோறும் எனக்குத் தொலைபேசியிற் சொல்லிவந்த இருவரும் அவ்வரியில் இருந்தனர். அன்றும் வழக்கம்போல் அளவைச் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன்.