ஐந்து சாட்சிகளும் ஒரு ரேடியோ எஞ்சினியரும்
(இரண்டாம் ஆண்டு இளமறிவியல், இயற்பியல்)

பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டை இல்லை. கதாநாயகனோ படம் தொடங்கிய உடனே குண்டடி பட்டு விழுந்து விடுகிறான். இப்படியும் ஒரு தமிழ்ப் படமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்டு. 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’தான் அது. நடித்தவர் சிவாஜி கணேசன். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர்.

அதே 1954-இல் நம் கோவை மண்ணிலிருந்தும் ஒரு படம் புறப்பட்டது. பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’. நாமக்கல் கவிஞரின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆரின் குதிரைச் சவாரி! ஆறு மொழிகளில் அந்தக் கதை படமாகியது. தமிழில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்கே கிடைத்தது. ‘அந்த நாளு’க்குக் கிடைத்தது தகுதிச் சான்றிதழ். கோவைக்காரர்கள் என்ற முறையில் நாம் மார்தட்டிக் கொள்ளலாம், தவறில்லை. ஆனாலும் ஒரு வேற்றுமையைக் கண்டேன். மலைக்கள்ளனைப் பார்த்தவர்கள் அதைத் திருவிழாவைப் போல மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார்கள். ‘அந்த நாளை’ப் பார்த்தவர்களில் பலர் அதை மறந்தே போனார்கள்; சிலரோ அதற்கு அடிமையாகி விட்டார்கள். அந்தச் சிலரில் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் அப்புச்சி.

சூலூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்புச்சி மில் தொழிலாளி. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் படுத்த தலைமுறை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படம் வந்தபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. அதற்கு முந்திய மாதந்தான் ‘மனோகரா’ வந்து, சிவாஜியின் வசனம் ஊரெங்கும் முழங்கிக் கொண்டிருந்தது. அதே எதிர்பார்ப்போடு கொட்டகைக்குப் போனவர் என்ன ஆவார்?

“சிவாஜி பேசறதக் கேக்கோணும்னு போனா, ஆளு எடுத்ததுமே செத்துப் போயிட்டாரு கண்ணு! பாட்டு வந்தா வெளிய போயி ஒரு பீடி குடிச்சுட்டு வருவாங்க. இதுல பாட்டே வல்லியே! எந்திரிக்கவே முடியலீன்னு பக்கத்துல இருந்தவன் வஞ்சான்.”

இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் மறுநாளும் அவர் போனார் என்பதுதான் கதை. ஏன் போனார்? அதைத்தான் நான் வெகுநாளாக யோசித்து வருகிறேன்.

பாலசந்தரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். குருவிடம் அமர்ந்து பயிலாமல், தாமே வீணை கற்று உலகப் புகழ் பெற்றவர் அவர். சிறுவனாக இருந்தபோதே, 1934-இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் தோன்றியவர். நாடி நரம்பெல்லாம் இசை ஓடிய ஒருவர் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பது வேடிக்கைதான்! ஜப்பானியரான அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த ‘ரஷோமோன்’ அவரை மிகவும் பாதித்தது. ஒரே குற்றத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் படம் அது. அந்த வித்தைக்குச் சென்னையில் ஓர் இடம் தேடினார். திரைக்கதையையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்த ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார்.

இருட்டும் குற்றமும் சந்தேகமும் நிறைந்த அமெரிக்கப் படங்களுக்கு, நினோ பிராங்க் என்ற விமரிசகர் 1946-இல் பிரெஞ்சு மொழியில் ‘நுவார்’ என்று பெயரிட்டார். கறுப்பு என்பது பொருள். அந்தப் படங்களில் விளக்கு முகத்தைக் காட்டுவதைக் காட்டிலும் மறைப்பதே அதிகம். ‘அந்த நாளி’ல் மாருதி ராவின் காமிராவும் அப்படித்தான். படிக்கட்டு, கதவிடுக்கு, சுவரில் நீளும் நிழல்! நல்ல மனிதனுக்கும் கெட்ட மனிதனுக்கும் ஒரே நிழல் விழுகிறது. பார்க்கிறவன்தான் பிரித்துக் கொள்ள வேண்டும்.

கதை 1943 அக்டோபரில் நடக்கிறது. ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசிச் சென்றது வரலாற்றில் உள்ள செய்தி. அந்தக் கலவரத்தின் நடுவே ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறக்கிறான். அடுத்த வீட்டுச் சின்னையாப் பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, நடனக்காரி அம்புஜம், மனைவி உஷா என ஐந்து பேரை விசாரிக்கிறார் சிவானந்தம். ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கை நீளும் திசையும் வேறு.

பள்ளியில் நாம் தமிழில் படித்த ஒரு சொல் நினைவிருக்கிறதா? இடமாறு தோற்றப்பிழை. அளவுகோலைச் சாய்ந்து நின்று பார்த்தால் அளவு மாறும். கருவியில் குற்றமில்லை, பார்ப்பவன் பொய்யனும் இல்லை. அவன் நின்ற இடந்தான் கோளாறு. நம் பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஊசலை ஐந்து பேர் அளந்தால் ஐந்து விடை வருகிறதே, அதே கதைதான். ‘அந்த நாளை’ முதன்முறை பார்த்தபோது எனக்கு அந்தப் பாடந்தான் நினைவுக்கு வந்தது. தம்பிக்குச் சொத்துத் தர மறுத்த அண்ணன் ஒருவன். காதலியை ஏய்த்தவன் ஒருவன். கணவன் ஒருவன். எல்லாரும் ராஜன்தான்! எந்த ராஜனை நம்புவது? மற்ற படங்கள் நம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்று, இவன் நல்லவன், இவன் தீயவன் என்று காட்டி விடுகின்றன. இந்தப் படம் நம்மை நாற்காலியிலிருந்து எழுப்பி, சிவானந்தத்தின் பக்கத்தில் நிற்க வைக்கிறது. ‘நீயும் யோசி’ என்கிறது. மில்லில் சொன்னதைச் செய்து பழகிய ஒரு பையனிடம், ‘உன் தீர்ப்பு என்ன?’ என்று ஒரு படம் கேட்டிருக்கிறது! இரண்டாம் முறை அவரை இழுத்துச் சென்றது அதுதான் என்று நினைக்கிறேன். நட்சத்திரத்தின் மேல் வைக்கும் பக்தி வேறு. நம்மை மதித்துக் கேட்ட ஒன்றின் மேல் வைக்கும் பக்தி வேறு.

கொலையாளி யார் என்பதை நான் சொல்ல மாட்டேன். இந்தப் படத்தின் பக்தர்களுக்குள் அது எழுதாத சட்டம். அப்புச்சி என்னிடமே சொல்லாமல், கைப்பேசியில் படத்தை முழுக்கப் பார்க்க வைத்துவிட்டார்.

ஆனால் ராஜன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழை எளியவரும் வாங்கும்படி மலிவான ரேடியோ செய்யவேண்டும் என்று கனவு கண்டவன் அவன். அந்தத் திட்டம் இங்கே மதிக்கப்படவில்லை. அந்தக் கசப்பில், குண்டு போட வந்த பகைவனுக்கே ஒற்றனாகிறான். கற்ற ரேடியோ வித்தையே காட்டிக் கொடுக்கும் கருவியாகிறது. சிவாஜி இதைக் கத்திப் பேசி நடிக்கவில்லை. இன்முகத்தோடு, மெல்லிய குரலில் நடிக்கிறார். அதனாலேயே பயமாக இருக்கிறது. புகழின் ஏணியில் ஏறிக் கொண்டிருந்த நேரத்தில் இப்படியொரு வேடத்தை ஏற்க நெஞ்சுரம் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் படிப்பதும் இயற்பியல். அதனால்தானோ என்னவோ, படம் முடிந்ததும் அப்புச்சி ஒவ்வொரு முறையும் என்னையே கேட்கிறார்.

“கொன்னது ஆருன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அதுக்காவவா பாக்கறேன்? இந்தத் தடவையாச்சும் அவன் புத்தி மாறிருக்காதான்னு பாக்கறேன். அத்தனை படிச்சவன் ஏங்கண்ணு அப்பிடிப் போனான்?”

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். படிப்பு என்றால் அவருக்கு அது கோயில் விளக்கு. அந்த விளக்கைக் கொண்டே வீட்டைக் கொளுத்த முடியும் என்பதை இந்த ஒரு படந்தான் அவருக்குக் காட்டியிருக்கிறது. ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

“அவன் பேச்ச ஆருமே காது குடுத்துக் கேக்கலீங்க அப்புச்சி, அதுதான்” என்று சென்ற முறை சொல்லிப் பார்த்தேன்.

“என்ற பேச்சைந்தான் மில்லுல ஆரும் கேக்கல. நான் போனனா?” என்றார்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கல்லூரியில் ராஜன் பேசும் காட்சியை மறுபடி போடச் சொன்னார்.