விதைநெல்லாக வைத்த 40 சதவீதம்

மலையேறிப் போகிறவர்கள் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று நாள் கணக்குப் போட்டு மூட்டை கட்டிய காலம் உண்டு. இப்போது அந்தக் கணக்கில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் போனில் சார்ஜ். ஏலக்காய் இன்றைக்கு என்ன விலைக்குப் போனது என்பதிலிருந்து, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை எல்லாமே அதன் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது.

போடியில் எனக்குக் கொஞ்சம் தென்னையும் மாவும் உண்டு. மேலே பூப்பாறைப் பக்கம் ஒரு ஏக்கர் ஏலம். போன ஐப்பசியில் நானும் என் மைத்துனரும் ஏலமலையைச் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிவரக் கிளம்பினோம். ஐந்து நாள் திட்டம். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, குமுளி, கம்பம் வழியாகத் திரும்பவும் போடி. வழியில் தோட்டக்காரர்களைப் பார்த்து நிழல் மரம், உரம், தண்ணீர் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுங்கண்டம் அருகே மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையும் பார்க்க வேண்டும் என்பது ஆசை.

வீட்டில் அம்மாவுக்கு 74 வயது. நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் ஐந்து நாளும் போன் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்பது என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை.

ஏற்றத்தில் டைனமோ என்ன தரும்?

மைத்துனரின் சைக்கிளில் முன்சக்கரத்து அச்சிலேயே டைனமோ இருக்கிறது. அந்தக் காலத்தில் டயரில் உரசி ஓடிய டைனமோவின் தம்பி இது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவும் அதே 6 வோல்ட், 3 வாட்தான். ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கு வகுத்திருந்த அளவும் இதுவே, முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். அந்த மின்சாரத்தை ஒரு சிறு கருவி வழியாக மாற்றி போனுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் 3 வாட் கிடைக்க மணிக்கு 15 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். முந்தல் சோதனைச்சாவடி தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். அங்கே எங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். பழைய டைனமோ வண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மேடு வந்தால் விளக்கு மங்கி மினுக் மினுக்கென்று எரியும் அல்லவா, அதே கதைதான். போன் சார்ஜ் ஏறுவதுபோல் காட்டும், அடுத்த நொடி நின்றுவிடும்.

சமவெளியில் ஓட்டினாலும் கணக்கைப் பாருங்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன் நிரம்ப, வீணாகும் பங்கையும் சேர்த்து 22 வாட்-மணி வரை வேண்டும். 3 வாட் டைனமோவில் ஏழு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் மிதிக்க வேண்டும். சமவெளியில் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அது நல்ல துணை. மலைக்கு அதை நம்பிப் போக முடியாது.

ஏலத்துக்கு நிழல், சோலாருக்கு வெயில்

என்னிடம் மடக்கி விரிக்கும் 10 வாட் சோலார் தகடு ஒன்று இருந்தது. போடியில் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் விரித்தால் 6, 7 வாட் கொடுக்கும். பூப்பாறை தாண்டியதும் அது வெறும் துணி மாதிரி ஆகிவிட்டது. ஏலச்செடி பாதி நிழலில்தான் நன்றாக வரும். அதற்காகவே பலா, முருக்கு, சில்வர் ஓக் என்று மேலே மரக்கூரை நிற்கிறது. செடிக்கு நல்லது எதுவோ அதுவே தகடுக்குக் கெடுதல். தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் படுத்துவிடும். மிச்சத்தை மூடுபனியும் மதிய மழையும் பார்த்துக்கொண்டன.

ஆகப் புதிதாக மின்சாரம் உண்டாக்கும் இரண்டு வழியும் ஏலமலையில் பெரிதாக உதவவில்லை. மானாவாரி விவசாயிக்குத் தெரிந்த பாடம்தான் இதற்கும். வரத்து நிச்சயமில்லாதபோது சேமிப்பையும் சிக்கனத்தையும்தான் நம்ப வேண்டும்.

நாங்கள் செய்த ஏற்பாடு

முதலில் சேமிப்பு. ஆளுக்கு ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். அதில் எழுதியிருப்பது முழுதும் போனுக்கு வந்து சேராது; வழியில் சூடாகவே ஒரு பங்கு போய்விடும். எங்கள் போனை ஒன்றேகால் தடவை நிரப்பும் என்றுதான் கணக்கில் வைத்தோம்.

அடுத்தது சிக்கனம். டவர் பலவீனமான இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். போடிமெட்டு மாதிரி எல்லையில் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும். அதனால் ஓட்டும் நேரம் முழுதும் டச் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டோம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், அந்த மோடிலும் நாம் எங்கே இருக்கிறோம் என்று அது காட்டும்.

மூன்றாவது, பழைய பட்டன் போன் ஒன்று. இன்னொரு சிம் போட்டு அதை மட்டும் இரவும் பகலும் அணைக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். அவசரம் என்றால் வீட்டார் கூப்பிட வேண்டிய நம்பர் அதுதான்.

நாலாவதாக ஒரு கட்டுப்பாடு. டச் போனில் 40 சதவீதத்துக்குக் கீழே என்ன ஆனாலும் தொடக்கூடாது. போட்டோ, பாட்டு, வீடியோ எல்லாம் அதற்கு மேலே இருப்பதில்தான். "என்ன மச்சான், இருக்கிற சார்ஜை இப்படிப் பூட்டி வச்சா எப்படி?" என்றார் மைத்துனர். "விதைநெல்லை எவனாவது குத்திச் சாப்பிடுவானா மாப்ளே?" என்றேன்.

வண்டன்மேட்டில் ஒரு இரவு

மூன்றாம் நாள் மாலை வண்டன்மேடு வந்து சேரும்போது நல்ல மழை. மரம் விழுந்து மதியமே கரண்ட் போய்விட்டதாம். நாங்கள் தங்கியது ஒரு டீக்கடைக்குப் பின்னால் உள்ள அறையில். சார்ஜ் போடலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா போடுங்க தம்பி. கரண்ட் எப்ப வரும்னு அந்த மழையைத்தான் கேட்கணும்" என்றார் கடைக்கார அண்ணன். பவர் பேங்க் இரண்டும் முந்தின நாளே காலி. டச் போனில் 43 சதவீதம் இருந்தது.

இரவு ஒன்பது மணி தாண்டி பட்டன் போன் அடித்தது. மனைவிதான். "ஏங்க, அத்தைக்கு நெஞ்சு அடைக்குதுன்னாங்க. 108-ல ஏத்திட்டோம். தேனிக்குப் போய்க்கிட்டு இருக்கோம். என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேக்குறாங்க, சீட்டு எங்க இருக்குன்னே தெரியல."

அம்மாவின் மருந்துச் சீட்டையும் கடைசியாக எடுத்த இசிஜியையும் போட்டோ எடுத்து என் டச் போனில் வைத்திருந்தேன். மழையில் டவர் விட்டு விட்டு வந்தது. கடை வாசலில் நின்று நாலு தடவை முயன்ற பிறகு இரண்டு படமும் போய்ச் சேர்ந்தன. பிறகு ஜீப் கிடைக்கும்வரை பத்துப் பதினைந்து போன். கடைக்கார அண்ணன் தெரிந்த டிரைவரை எழுப்பிவிட, கம்பம்மெட்டு வழியாகக் கம்பம் இறங்கி, விடியும் முன்னே தேனி ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்போது போனில் 11 சதவீதம்.

ரத்தம் உறையாமல் இருக்க அம்மா ஏற்கெனவே மாத்திரை எடுப்பது தெரிந்ததால் மேற்கொண்டு என்ன மருந்து கொடுப்பது என்று முடிவுசெய்ய வசதியாக இருந்தது என்றார் பணியில் இருந்த டாக்டர். ஆறாம் நாள் அம்மா வீடு திரும்பினார். சைக்கிள் இரண்டும் டீக்கடையிலேயே பத்திரமாக இருந்தன. இரண்டு வாரம் கழித்து பஸ்ஸில் போய், விட்ட இடத்திலிருந்து ஓட்டிக் குமுளி இறங்கினோம்.

பலரும் கேட்ட கேள்விகள்

*தோட்டத்தில் வாரக்கணக்கில் தங்குகிறேன். கரண்ட் இல்லை. என்ன செய்யலாம்?*

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும், பட்டன் போன் ஒன்றும் போதும். சோலார் வாங்கினால் மரத்தடியில் வைக்காமல் ஸ்டோர் கூரை, களம் மாதிரி வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். தகடு வெயிலில் கிடக்கட்டும். போனும் பவர் பேங்க்கும் நிழலில் இருக்கட்டும்.

*பேட்டரி ஸ்பிரேயரிலிருந்து போன் சார்ஜ் போடலாமா?*

போடலாம். 12 வோல்ட், 8 ஏஎச் பேட்டரி என்றால் பாதியைச் செலவழித்தாலே இரண்டு போன் நிரம்பும். காரில் செருகும் 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜரை நடுவில் வைத்துத்தான் இணைக்க வேண்டும். ஒயரை நேரடியாகப் போனில் கொடுக்கக்கூடாது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும்.

*மழையில் நனைந்த போனை ஸ்டோர் சூட்டில் காயவைக்கலாமா?*

வேண்டவே வேண்டாம். ஏலக்காய் உலரும் சூடு பேட்டரிக்கு ஆகாது. அணைத்து, துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமாக வையுங்கள். ஈரம் முழுதும் போகும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

*டீக்கடையில் சார்ஜ் கேட்கக் கூச்சமாக இருக்கிறதே?*

ஒரு யூனிட் கரண்டில் சாதாரண போனை 40 தடவை நிரப்பலாம். கடைக்காரருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. கேட்டுவிட்டுப் போடுங்கள், ஒரு டீ குடியுங்கள். அப்படியே வீட்டில் உள்ள பெரியவர்களின் மருந்துச் சீட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து, உங்கள் போனில் ஒன்றும் வீட்டில் இருப்பவர் போனில் ஒன்றுமாக வைத்துவிடுங்கள்.