சிப்புக்குள்ளே ஒரு தேயிலைத் தோட்டம்

"உங்க பொழுதுபோக்கு என்ன?" என்று யாராவது கேட்டால், ஸ்வெட்டர் பின்னுகிறேன், ரோஜா வளர்க்கிறேன் என்று சொல்வதுதான் எங்கள் குன்னூர்ப் பக்கத்து வழக்கம். மாதர் சங்கத்தில் நான் "சிப் பார்க்கிறேன்" என்றேன். "உருளைக்கிழங்கு சிப்ஸா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஊட்டி உருளைக்கிழங்குக்குப் பேர் போன மலையில் வேறென்ன கேட்பார்கள்!

நான் சொன்னது கம்ப்யூட்டர், செல்போன், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் பூரான் மாதிரிக் கால்களோடு உட்கார்ந்திருக்கிற கறுப்புச் சிப். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வீட்டுப் பொழுதுபோக்கு. நான் இன்ஜினீயர் இல்லை. அடுப்படியும் பெண்ணின் ஹோம்வொர்க்கும்தான் என் உலகம்.

இதற்குக் காரணம் என் அப்பா. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து, வயது வந்து ஓய்வு பெற்றவர். மத்திய அரசு 1960ல் ஆரம்பித்த கம்பெனி அது. 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோ பேப்பர், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து போயின. பிறகு டிஜிட்டல் காமிரா வந்தது. ஃபிலிம் வாங்க ஆள் இல்லை. இன்று அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை.

அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். பேத்தி செல்போனில் படம் எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்வார். "இந்தச் சின்னப் பொட்டிதான் எங்க ஃபிலிமைத் தின்னுடுச்சு. முப்பது வருஷம் இருட்டுல நின்னு கத்துக்கிட்ட தொழில். இனிமே யாருக்கும்மா வேணும்?" என்பார். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. டாக்டர் சோதித்துவிட்டு, "உடம்புக்குப் பெரிசா ஒண்ணுமில்லை. மனசுக்கு ஒரு வேலை குடுங்க" என்றார். சொல்வது சுலபம். எண்பது வயதுக்காரருக்கு என்ன வேலை கொடுப்பது?

ஐப்பசி அடைமழையில் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்த நேரம். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவர், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு போர்டை வாங்கி வந்து, எட்டாவது படிக்கும் எங்கள் பெண்ணிடம் கொடுத்தார். அதிலிருந்த ஒரு சிப்பின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உரித்தாள். உள்ளே வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல்!

"அம்மா, இதுக்குக் கண்ணு இருக்கு!"

'ஈப்ராம்' என்ற பழைய காலத்து ஞாபகச் சிப் அது. எழுதியதை அழிக்க வேண்டுமானால் அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதாக் கதிரைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் குவார்ட்ஸ் கண்ணாடி. நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே எழுதியது அழிந்து போகலாம். ஸ்டிக்கர் ஒட்டுவது அதனால்தான். நமக்கு அது வேறு விதத்தில் வசதி. சிப்பை உடைக்காமலே உள்ளே பார்க்கலாம்.

அப்பாவிடம் நெகடிவ் பார்க்கிற பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. "தாத்தா, கொஞ்சம் குடுங்களேன்" என்று வாங்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நடுவில் சிறுபிள்ளையின் நகம் அளவுகூட இல்லாத ஒரு சில்லு. சுற்றிலும் தலைமுடியை விட மெல்லிய கம்பிகள். சில்லின் மேல் பச்சையும் ஊதாவும் மினுங்கின. சாயம் ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விழுந்தால் வானவில் தெரிகிறதே, அதே சங்கதிதான். சிலிக்கான் மேல் படிந்த மெல்லிய படலம் செய்கிற ஜாலம்.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் மைக்ராஸ்கோப் இரவல் வாங்கினோம். ஒரே இருட்டு. அதுவரை பேசாமலிருந்த அப்பா எழுந்து வந்தார். "இலையைப் பார்க்கிறதுக்குக் கீழேயிருந்து வெளிச்சம் சரி. இது வெளிச்சம் ஊடுருவாத பொருளும்மா. பக்கவாட்டுல சாய்ச்சு அடி" என்று டார்ச்சைத் தானே பிடித்தார்.

பளிச்சென்று தெரிந்தது, ஒரு தேயிலைத் தோட்டம்! ஆமாம், சரிவில் வரிசை வரிசையாகச் செடி, நடுவே நடைபாதை, ஓரத்தில் லயன் வீடுகள் போலச் சின்னச் சின்னக் கட்டங்கள். சிப்பின் மேல் 2716 என்று போட்டிருந்தது. அந்த ரகத்தில் 16,384 ஞாபக அறைகள். கேட்க ஏராளமாகத் தோன்றினாலும், இங்கிலீஷில் ஒரு பக்கக் கடிதம் எழுதினால் நிரம்பிவிடும்!

அப்பா கண்ணை எடுக்கவே இல்லை. "மூலையில கூட்டல் குறி மாதிரி இருக்கு, பாத்தியா? கலர் அச்சுலயும் இப்படித்தான் வைப்பாங்க. ஒரு படத்து மேல இன்னொரு படம் பிசகாம விழறதுக்கு. அம்மாடி, இது போட்டோ பிடிச்சுச் செஞ்ச சாமான்!"

அப்பா சொன்னது அத்தனையும் சரி. சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி பட்டால் மாறுகிற மருந்தைப் பூசுகிறார்கள். படம் வரைந்த கண்ணாடி வழியாக ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். பிறகு டெவலப் செய்து, வேண்டாத இடத்தை அரித்தெடுக்கிறார்கள். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் பல படங்கள். போட்டோ பேப்பர் கழுவும் அறையில் சிவப்பு விளக்கு என்றால், சிப் தொழிற்சாலையில் அந்தப் பகுதிக்கு மஞ்சள் விளக்கு. தூசி ஆகாது என்பதும் இரண்டு தொழிலுக்கும் பொது. ஃபிலிமைத் தின்றுவிட்டது என்று அப்பா கோபித்துக் கொண்டாரே, அந்தச் சிப்பே போட்டோக் கலையின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான்!

அன்று ராத்திரி அப்பா இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உலகம் முழுக்க இப்படிச் சிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 1975ல் வந்த 6502 என்ற சிப்பை மூன்று பேர் படம் பிடித்து, கோடு கோடாக வரைந்து, அது எப்படி வேலை செய்கிறது என்பதை 2010ல் எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். 1984ல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டருக்கு மூளை அந்த 6502தான். 1971ல் வந்த இன்டெல் 4004 சிப்பின் ஓரத்தில், அதை உருவாக்கிய ஃபெடரிகோ ஃபாஜின் தன் முதலெழுத்துக்களைப் பொறித்திருக்கிறார். கோலம் போட்டு முடித்து ஒரு ஓரமாகப் பெயர் எழுதுவதில்லையா, அது மாதிரி. சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' சிப் ஒன்று 2018ல் நம் நாட்டிலேயே தயாரானது என்று படித்துச் சொன்னபோது அப்பா முகத்தில் ஒரு பெருமை!

செய்து பார்க்க ஆசைப்படும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். ஜன்னல் வைத்த பழைய சிப்பே போதும். கறுப்புச் சிப்பைத் திறக்க அனுபவசாலிகள் கொடிய ஆசிட் பயன்படுத்துகிறார்கள். அது வீட்டில் கூடவே கூடாது. சிப்பை உடைப்பது, தேய்ப்பது, சுடுவது எதுவும் வேண்டாம். தூளும் புகையும் குழந்தைகளுக்கு ஆகாது. பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கும். தொட்ட பின் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும். போர்டைத் தவழும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். டி.வி., யு.பி.எஸ். இவற்றை நீங்களே திறக்காதீர்கள். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

இப்போது தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஒரு ஆல்பம் போடுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் படம் எடுக்க, அப்பா தானே கேட்டுச் செல்போனை வாங்கிக் கொள்கிறார். "வெளிச்சம் போதலே, கை ஆடக்கூடாது" என்று பேத்திக்குப் பாடம் வேறு.

உங்கள் வீட்டிலும் மூலையில் உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர் இருக்கலாம். தறி நெய்தவரோ, அச்சுக் கோத்தவரோ, கடிகாரம் பழுது பார்த்தவரோ. அவருடைய தொழில் அழிந்துவிட்டது என்று அவரே நம்பியிருப்பார். அது வேறொரு பெயரில் எங்கேயாவது உயிரோடு இருக்கும். தேடி எடுத்து அவர் கையில் கொடுத்துப் பாருங்களேன்.