தொட்ட கோடும் இணைந்த கோடும்

ஹைதராபாத்தில் மொழியியல் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, நான்காம் ஆண்டின் இறுதியில் தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நூலகக் கணினியில் திறந்தாள். அவளுடைய ஆய்வு கோலாமி மொழியின் வினைச்சொற்களைப் பற்றியது. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியிலும் பேசப்படும் திராவிட மொழி அது. எடுத்துக்காட்டு ஒவ்வொன்றும் மூன்று வரிகள் கொண்டது: பேச்சு, உருபன் விளக்கம், பொருள். அவ்வரிகளை அவள் ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டியே நேர்ப்படுத்தியிருந்தாள். நூலகக் கணினியில் அவளுடைய எழுத்துரு இல்லை, வரிகள் நகர்ந்துவிட்டன. இறந்தகாலம் என்ற குறிப்பு ஒரு பெயர்ச்சொல்லின் கீழே நின்றது.

அதை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்க அவளால் இயலவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மூதாட்டி ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தந்த வாக்கியம், அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுடைய மடிக்கணினியில் இருந்தது விடுதியில் அறைக்கு அறை கைமாறிய, உரிமமற்ற அலுவலக மென்பொருள். நூலகத்தில் இருந்ததோ லிப்ரே ஆபீஸ். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து கிளைத்த கட்டற்ற மென்பொருள். அன்றிரவே அதைத் தரவிறக்கினாள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் துணைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடம். தமிழ் விளக்கமும் உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் மென்பொருள். ஒரு படி பார்த்து, நிறுத்தி, அதையே செய்து பார்க்க வேண்டும்.

முதல் வாரம் எரிச்சலிலேயே கழிந்தது. கை பழகிய இடத்தில் எதுவும் இல்லை. இரண்டாம் வாரத்தில் ஸ்டைல்ஸ் புரிந்தது. அதுவரை தலைப்பென்று அவள் கருதியது, பெரிதாக்கித் தடித்த எழுத்தில் இட்ட ஒரு வரி மட்டுமே. மென்பொருளைப் பொறுத்தவரை அது தலைப்பே அன்று. புறவடிவம் வேறு, இலக்கண வகை வேறு என்று முதுகலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள், தன் ஏட்டில் அவ்வேறுபாட்டைக் கவனித்ததே இல்லை. இவ்வசதி பழைய மென்பொருளிலும் இருந்ததுதான். அறியாத இடத்திற்கு வந்த பிறகே தேடிப் பார்க்கத் தோன்றியது.

எடுத்துக்காட்டுகளைக் கோடுகள் மறைக்கப்பட்ட அட்டவணைகளுக்குள் கொண்டுவந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம். எண்களைத் தாமே மாறிக்கொள்ளும் ஃபீல்டுகளாக அமைத்தாள். இடையில் ஒரு வாக்கியம் சேர்ந்தால் பின்வரும் எண்கள் அனைத்தும் திருந்தின.

வாக்கிய மர வரைபடங்களுக்கு லிப்ரே ஆபீஸின் டிரா பயன்பட்டது. முன்பு அவள் இரு கணுக்களுக்கிடையே கோடு இழுத்து, முனை தொடுவதுபோல் வைத்திருப்பாள். கணுவை நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே கிடக்கும். டிராவின் கனெக்டர் கணுவோடு இணைந்துகொள்கிறது. கணு எங்கே போனாலும் கோடும் உடன் போகிறது. மர வரைபடத்தில் கோடு என்பது ஓர் உறவு என்பதை அவள் பாடமாகப் படித்திருந்தாள். அன்று அதைத் திரையில் கண்டாள்.

இடர்கள் இல்லாமல் இல்லை. நெறியாளர் குறிப்பெழுத வேறு வடிவக் கோப்பே கேட்டார். அது போய்த் திரும்பும்போதெல்லாம் சில அட்டவணைகள் குலைந்தன. ஆகவே மூலத்தை ஓ.டி.டி.யாகத் தன்னிடம் வைத்துக்கொண்டு, குறிப்புகளை மட்டும் பார்த்துத் தன் கையாலேயே திருத்தினாள். இரண்டாம் இயலைச் சீராக்க மூன்று வாரங்கள் ஆயின.

ஒருநாள் ஆர்வத்தால் ஓ.டி.டி. கோப்பொன்றின் பெயரீற்றை ஜிப் என்று மாற்றித் திறந்தாள். உள்ளே இருந்த எக்ஸ்.எம்.எல். கோப்பில், குறிகளுக்கு நடுவே, மூதாட்டியின் வாக்கியம் படிக்கும்படி இருந்தது. 2006 முதல் பன்னாட்டுத் தரமாக உள்ள திறந்த வடிவம் அது. எந்த நிறுவனத்தின் உரிமமும் இன்றித் திறக்கலாம். அம்மூதாட்டியின் பேரப்பிள்ளைகள் பின்னாளில் அதைத் தேடக்கூடும் என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

இப்போது துறைக்குப் புதிதாக வரும் ஆய்வாளர்களிடம் அவள் முதலில் கேட்பது தலைப்பைப் பற்றி அன்று. எடுத்துக்காட்டுகளை எப்படித் தட்டச்சு செய்கிறீர்கள் என்பதையே. ஸ்பேஸ்பார் என்று பதில் வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்கிறாள்.