கொழும்புக்குச் சரி, எங்கள் மலைக்குச் சரியில்லை



டித்வா புயலுக்குப் பிறகு இன்வேட்டர் வாங்குவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, மாலை வகுப்புக்கு என்று சேர்ந்து காசு போட்டு வாங்கும் இடங்களும் உண்டு. எந்தப் பெட்டி நல்லது என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. வாங்கிய பெட்டியில் எதை மாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஒரு பற்றரியைக் கொன்றுதான் அதைப் படித்தோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். சாதாரண தரப் பரீட்சை மே மாதம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். லயத்தில் குப்பி விளக்கில் படிக்கும் பிள்ளைகள். பெற்றோர் தாங்களாகவே கூடி, வீட்டுக்கு ஒரு நாள் பேர்ச் சம்பளம் என்று 1,000 ரூபாய் போட்டார்கள். மிச்சத்தை நாங்கள் போட்டோம். ஒரு இன்வேட்டர், 150 அம்பியர் மணி டியூபியூலர் பற்றரி ஒன்று. பொருத்த வந்தவர் சுவிட்சைப் போட்டார், பல்பு எரிந்தது, போய்விட்டார். நாங்களும் வேறெதையும் கேட்கவில்லை.

அந்தப் பரீட்சை நல்லபடி முடிந்தது. அடுத்த ஜனவரியில்தான் வந்தது வினை. 2023 ஜனவரி 23 உயர்தரப் பரீட்சை தொடக்கம். அப்போதும் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. முதல் வாரத்தில் ஒருநாள் மஃரிப் தொழுதுவிட்டு வகுப்புக்குப் போகிறோம், கரண்ட் போனது. கால் மணி நேரத்தில் இன்வேட்டரும் கத்திவிட்டு அணைந்தது. ஒன்பது மாதம்கூட ஆகாத பற்றரி. பிள்ளைகள் போன் வெளிச்சத்தில் இறங்கிப் போனார்கள். ஒரு தாய், "அதுக்குள்ள பழுதாப் போச்சா சேர்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

கொழும்பில் சோலர் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் எடுத்தோம். அவர் முதலில் கேட்டது பற்றரியைப் பற்றி இல்லை. "சேர், பின்னேரம் ஏழு மணிக்கு லைன்ல எத்தன வோல்ட் வருது?" அளந்து பார்த்தோம். 160. எல்லா லயத்திலும் அடுப்பு, ஹீட்டர், பல்பு போடும் நேரம். நாங்கள் லைனின் கடைசி.

எங்கள் பெட்டி யூபிஎஸ் என்ற முறையில் இருந்தது. அந்த முறையில் 170 வோல்ட்டுக்குக் கீழே போனால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு பற்றரிக்கு மாறிவிடும். மாறுவது கண்ணுக்கே தெரியாது. ஆக, மின்வெட்டு இல்லாத நாளிலும் மாலை முழுக்கப் பற்றரியில்தான் வகுப்பு நடந்திருக்கிறது. சபைக் கரண்ட் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 170ஐத் தாண்டியதும் பெட்டி 30 அம்பியரில் சார்ஜ் செய்யத் தொடங்கும். அந்தச் சுமையிலேயே வோல்ட் மறுபடி விழும். மறுபடி பற்றரி. இரவெல்லாம் இப்படியே.

இன்னொரு முறை உண்டு, அப்ளையன்ஸ் என்று. எங்கள் பெட்டியில் அது 90 வோல்ட் வரை தாங்கும். பல்புக்கும் போன் சார்ஜருக்கும் அது போதும். பிரிட்ஜ், மோட்டார் பூட்டியிருந்தால் அதைப் போடாதீர்கள், குறைந்த வோல்ட்டில் எரிந்துவிடும். சார்ஜ் அம்பியரை 15க்குக் குறைத்தோம். பற்றரி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு.

அடுத்தது குளிர். பெட்டி கடையில் இருந்து வந்தபடியே மூடிய வகைப் பற்றரிக்கு வைத்திருந்தது, 14.1 வோல்ட். எங்களுடையது தண்ணீர் ஊற்றும் வகை. 25 பாகையில் 14.4 வோல்ட் வேண்டும் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. நாங்கள் வாசிக்கவில்லை. குளிர் கூடினால் இன்னும் வேண்டும். பாகை ஒன்று குறைய, செல் ஒன்றுக்கு 3 மில்லிவோல்ட் அளவு கூட்ட வேண்டும். ஆறு செல்லுக்கு 18. ஜனவரி இரவில் எங்கள் அறை 12 பாகை. 13 பாகை குறைவு, கிட்டத்தட்ட 0.23 வோல்ட். 14.6க்கு மேல் வேண்டிய இடத்தில் 14.1 கொடுத்திருக்கிறோம். பெட்டி தினமும் முழுச் சார்ஜ் என்று காட்டியது. உள்ளே தகட்டில் சல்பேட் படிந்துகொண்டிருந்தது. வெக்கையான ஊரில் ஓரளவு தப்பிக்கும் எண், இங்கே பற்றரியைத் தின்றுவிட்டது.

பற்றரி வெட்டும் அளவும் 10.5இல் இருந்தது. 11.5க்கு உயர்த்தினோம். பாதிக்குக் கீழே வடிக்கக் கூடாது. 150 அம்பியர் மணி, 12 வோல்ட், 1,800 வாட் மணி. பாதி 900. இழப்பு போக 750. பல்பும் போனுமாக 100 வாட் என்றால் ஏழு மணி நேரம். வகுப்புக்குத் தாராளம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வேட்டரைச் சுவர்ச் சொக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் எடுக்கும் வழக்கம் இருக்கிறது. மெயின் சுவிட்ச் மூடாமல் இருந்தால் அந்தக் கரண்ட் வெளியே லைனுக்குப் போகும். ட்ரான்ஸ்போமருக்குள் பின்பக்கமாக ஏறினால் 230 வோல்ட் 11,000, 33,000 ஆகும். புயலுக்குப் பிறகு மழையில் கம்பத்தில் ஏறி நிற்பவர் அது செத்த லைன் என்று நம்பித்தான் கை வைக்கிறார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். போடுபவர் மின்வேலை தெரிந்தவராக இருக்கட்டும்.

காசல்ரீயும் மவுசாகலையும் நம் பக்கம். லக்ஷபான 1950 முதல் மின்சாரம் அனுப்புகிறது. அந்தக் கரண்ட் நம் லயத்துக்கு வந்து சேரும்போது 160 வோல்ட். அதைச் சரிசெய்வது மின்சாரம் வழங்குபவர்களின் வேலை, கேட்டுக்கொண்டே இருப்போம். பெட்டியின் எண்களைச் சரிசெய்வது நம் வேலை.

இரண்டாவது பற்றரிக்குப் பெற்றோரிடம் காசு கேட்கவில்லை. நாங்கள் நால்வரும் போட்டோம். மூன்று வருடமாக அது ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: முறை, அம்பியர், வோல்ட், வெட்டும் அளவு, வடித்த நீர் ஊற்றிய தேதி. மாதம் ஒருமுறை நீரைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்.

நீங்கள் வாங்கினால், பொருத்த வருபவரிடம் இந்த எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதி முடிக்கும் வரை தேத்தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள்.