கக்கூஸ் கட்டினோம், வரி கூடியது

எங்கள் வீடு முன்பு 580 சதுர அடி. திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் கூலி வேலை பார்த்த அப்பா ஓர் ஓட்டு அறையும் அடுப்படியும் கட்டினார். அண்ணன் கல்யாணத்துக்கு அதை இடித்து கான்கிரீட் போட்டோம். தம்பி கல்யாணத்துக்கு மாடியில் ஓர் அறை எடுத்தோம். இன்று மூன்று குடும்பம், பதினோரு பேர். எங்கள் வீட்டுப் பெண்கள் பல வருடம் இருட்டுக்காகக் காத்திருந்து ரயில் பாதை ஓரம் போய் வந்தார்கள். கடைசியில் வட்டிக்கு வாங்கி 45 சதுர அடியில் கக்கூசும் குளியலறையும் கட்டினோம். வீடு 625 சதுர அடி ஆனது.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. அடுத்த மாத இறுதியில் சொத்துவரி உயர்வுக்கான அரசாணை வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 சதவீதம் உயர்வு. 601 முதல் 1200 வரை 50 சதவீதம். 1201 முதல் 1800 வரை 75. அதற்கு மேல் 100 சதவீதம். ஏழைகளுக்குக் குறைவு, வசதி உள்ளவர்களுக்குக் கூடுதல் என்று சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எங்களுக்கு அரையாண்டுக்கு 480 ரூபாய் வரி. 580 சதுர அடியாகவே இருந்திருந்தால் 600 ரூபாய் ஆகியிருக்கும். 625 ஆனதால் 720. கக்கூஸ் கட்டியதற்கு அரையாண்டுக்கு 120 ரூபாய்.

120 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். ரூபாயைப் பற்றி அல்ல இந்தப் பேச்சு. புருஷன் பொண்டாட்டி இரண்டே பேர் இருக்கும் 600 சதுர அடி வீட்டுக்கு 25 சதவீதம். பதினோரு பேர் நெருக்கியடித்துப் படுக்கும் 625 சதுர அடிக்கு 50 சதவீதம். அளவு நாடா சுவரை அளக்கிறது, சுவருக்குள் இருக்கும் தலைகளை எண்ணுவதில்லை. சேரியில் பிள்ளைகள் தனி மனை வாங்கிப் போக முடியாது. வேறு தெருவில் வாடகைக்குக் கேட்டால் முதலில் சாதியைக் கேட்கிறார்கள். அதனால்தான் ஒரே வீட்டின் மேல் வீடு ஏறுகிறது. சாதி எங்களை ஒரே மனைக்குள் அடைக்கிறது. அடைபட்டதால் கூடிய சதுர அடிக்கு வரிச் சலுகை குறைகிறது.

இன்னொரு சலுகையைப் பாருங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5000 ரூபாய். அந்த 5000 முழுதாகக் கிடைக்க அரையாண்டு வரியே ஒரு லட்சம் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது 36 ரூபாய். அதுவும் 720 ரூபாய் ஒரே நாளில் கையில் இருந்தால். பிந்தினால் மாதம் 1 சதவீதம் வட்டி. முன்னால் கட்டக் காசு உள்ளவனுக்குத் தள்ளுபடி, வாரக் கூலிக்காரனுக்கு வட்டி.

பழைய 1920 நகராட்சிச் சட்டத்திலேயே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி குறைக்கக் கேட்கும் வழி இருந்தது. ஆள் இல்லாத வீட்டுக்கு இரக்கம் காட்டத் தெரிந்த சட்டத்துக்கு, ஆள் நிறைந்த வீடு கண்ணில் படவில்லை.

நாங்கள் வரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல. தெருவைக் கூட்டும் அக்காக்களின் சம்பளம் இந்தப் பணத்திலிருந்தும் போகிறது. அவர்கள் எங்கள் உறவுக்காரர்கள். வரியை உயர்த்திய அதே 2022 இன் அக்டோபரில், மாநகராட்சித் துப்புரவு வேலைகளை வெளியாட்களிடம் ஒப்பந்தத்துக்கு விட வழி செய்யும் அரசாணை 152 வந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. வரி கூடியது, அக்காக்களின் வேலை நிரந்தரம் ஆகவில்லை.

மன்றத்துக்கு என்ன அதிகாரம், சென்னையிலிருந்து வந்ததைத்தானே தீர்மானமாகப் போடுகிறோம் என்று கவுன்சிலர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. வரியை ஏற்றாவிட்டால் மானியம் இல்லை என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. ஆனால் தீர்மானத்துக்கு முன் மக்களிடம் ஆட்சேபணை கேட்க முப்பது நாள் இருந்தது. அந்த அறிவிப்பை எங்கள் தெருவில் எத்தனை பேர் பார்த்தார்கள்? திண்டுக்கல்லின் 48 வார்டுகளில் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டுகளும் உண்டு. அந்த நாற்காலி இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான்.

2018 இல் உயர்த்திய சொத்துவரியை 2019 நவம்பரில் அரசே நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியதை அடுத்த வரியில் கழித்துக்கொள்ளச் சொன்னது. ஆக, மனம் இருந்தால் மாற்றலாம்.

நாம் கேட்பது மூன்று. கழிப்பறை, குளியலறையின் பரப்பைச் சலுகைக் கணக்கில் சேர்க்காதே. ஒரே கட்டடத்தில் தனித்தனி அடுப்பு எரியும் குடும்பங்களைத் தனித்தனியாகக் கணக்கிடு. கூலிக்காரர்கள் மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்ட வழி செய்.

அம்மா பழைய வரி ரசீதுகளை எல்லாம் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். ரேஷன் கார்டுக்கும் கரண்டுக்கும் அந்தத் தாள்தான் எங்களோடு வந்தது. பின்தெருவில் புறம்போக்கில் இருக்கும் சின்னம்மாவிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. எங்கள் நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உங்களுக்காவது கூட்டுறதுக்கு ஒரு வரி இருக்கு, எனக்கு அதுவும் இல்லையே." மூன்று என்று எழுதினோம். நான்காவதாகச் சின்னம்மா வீட்டுக்கு ஒரு வரி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.