மூன்று லாடக் குதிரை

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்காரர்களுக்கு ராணியின் நடைச் சத்தம் நன்றாகப் பழகிப்போன ஒன்று. தெருமுனை திரும்பும்போதே 'டக், டக், டக், டக்' என்று நான்கும் ஒரே அளவாகக் கேட்கும். அன்று காலை மூன்று 'டக்' கேட்டது. நாலாவது 'தொப்' என்று விழுந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏல, முன்னங்கால் லாடம் எங்கல?"

மகன் குனிந்து பார்த்தான். வலது முன்னங்காலில் லாடம் இல்லை. ஆற்றங்கரை வரை போய் வந்த வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. மறுநாள் சாயங்காலம் செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ராணிதான் போக வேண்டும். அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அந்தப் பணம் மகளின் பள்ளிக்கூடக் கட்டணமாகப் போயும் ஆயிற்று.

லாடக்காரருக்குப் போன் போட்டான். வெளியூரில் ஒரு மாட்டுவண்டிப் பந்தயத்துக்காகப் போயிருக்கிறாராம். வர மூன்று நாள் ஆகும். முன்பெல்லாம் சந்தைக்குச் சந்தை லாடம் கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்தது. ஆட்டோ வந்து ஜட்கா போனது. கூடவே அவர்களும் குறைந்து போனார்கள்.

"மூணு கால்ல இருக்குல்லாப்பா. பதினஞ்சு கிலோமீட்டர்தான். கிருஷ்ணாபுரத்துல ஒரு நேரம் நிப்பாட்டி மெதுவா ஓட்டிட்டுப் போயிருதேன்."

"நீ ஒத்தச் செருப்பு போட்டுட்டுத் திருச்செந்தூருக்கு நடந்து போயிட்டு வால. பொறவு குதிரையக் கூட்டிட்டுப் போ."

பெரியவர் வாலிபத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். சுலோசன முதலியார் பாலத்தில் எத்தனை நடை போய் வந்திருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

குதிரையின் குளம்பு நம் நகம் மாதிரிதான். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மண்ணில் நடந்தால் வளர்வதும் தேய்வதும் சரியாகிவிடும். தார் ரோட்டில் வண்டி இழுத்தாலோ ஆளைச் சுமந்தாலோ, வளர்வதைவிடத் தேய்வது அதிகம். அதற்காகத்தான் லாடம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி இறங்குவது உணர்ச்சியில்லாத வெளிச்சுவரில். ஒரு நூல் உள்ளே போனாலும் குதிரை நொண்டும். கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது.

லாடமே இல்லாமல் மண்ணில் நடந்து பழகிய குதிரைகள் உண்டு. முன்னங்கால்களுக்கு மட்டும் லாடம் கட்டுகிறவர்களும் உண்டு. உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தானே தாங்குகின்றன. ஆனால் ஜோடியில் ஒன்று இருந்து ஒன்று இல்லாமல் போவதுதான் வம்பு. ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு. நடை கோணும். மூட்டும் தசைநாரும் வலி எடுக்கும். லாடம் பிய்ந்த இடத்தில் பழைய ஆணித் துளைகள் இருக்கும். கல் பட்டால் அங்கிருந்துதான் குளம்பு வெடிக்கும்.

இந்தத் தாமிரபரணிக் கரைக்கு அது புதிய பாடம் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இன்று பழையகாயல் என்ற ஊர் இருக்கிறதே, அந்தப் பகுதிதான் பாண்டியர் காலத்துக் காயல் துறைமுகம். அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் வேதனை. பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாலும், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் செத்துப் போகுமாம். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடம் கட்டவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். விற்கிற வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களைக் கூட்டி வராததோடு, வருகிறவர்களையும் தடுத்துவிடுவார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் மறுபடி விற்கலாம்!

அத்தனை பொன் கொட்டிக் குதிரை வாங்கிய நாட்டில், அதன் காலைப் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் போனது. ராணி வீட்டிலும் அன்று அதே கதைதான்.

ராத்திரி மகன் கல்யாண வீட்டுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னான். அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும்போது குரல் கம்மியது. எதிர்முனையில் மாப்பிள்ளையின் தாய்மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஆச்சிக்குக் குதிரை வரணும்னு ஆச. வந்து நின்னாப் போதும். மாப்பிள்ள நடந்தே வரட்டும்" என்றார்.

மறுநாள் பெரியவர் குளம்பைக் கழுவித் துடைத்து, சாக்குத் துணியை நாலு மடிப்பாக வைத்துக் கட்டினார். ராணியை ஒரு குட்டி யானையில் ஏற்றினார்கள். குட்டி யானை மேல் குதிரை போவதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். வாடகைக்கே வருமானத்தில் பாதி போயிற்று.

கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சலங்கையும் ஜரிகைத் துணியுமாக ராணி பக்கத்தில் மெல்ல வந்தது. வாசலில் நின்ற ஆச்சி குதிரையின் நெற்றியில் குங்குமம் வைத்தார். சாக்குக் கட்டிய காலை யாரும் கேலி பேசவில்லை.

மூன்றாம் நாள் லாடக்காரர் வந்தார். காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தவர், ஆணித் துளை ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பைக் காட்டினார்.

"ரோட்டுல ஓட்டியிருந்தீகன்னா இது மேல ஏறியிருக்கும் அண்ணாச்சி. மாசக்கணக்கா கட்டித்தான் போட்டிருக்கணும்."

மகன் அப்பாவைப் பார்க்காமல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

கழன்ற லாடமும் கடைசியில் கிடைத்தது. ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அதன் நிலைவாசலில் புதிதாக அடித்து, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். "ரோட்டுல கெடந்துச்சு. வீடு தேடி வந்த அதிர்ஷ்டம்லா" என்றார் கடைக்காரர், உண்மையான சந்தோஷத்தோடு.

மகன் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நல்லா இருங்க. ரெண்டு டீ போடுங்க."

வெளியே கட்டியிருந்த ராணி காலை மாற்றி வைத்தது. 'டக்' என்று கேட்டது.